கொல்லிமலை நாட்டார் கதை – 17: ஏழு நாளில் நிற்க முடியுமா?

சாமையும் தினையும் விளைந்த மேட்டுக்காடுகளைக் குச்சிக்கிழங்கு எடுத்துக்கொண்டதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். சாப்பிட விளைந்த மலை, விற்க விளையத் தொடங்கியது. கிழங்கு லாரி ஏறி ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு இறங்கியது. அதன் விலையை முடிவுசெய்யும் இடமும் கூடவே கீழே இறங்கிவிட்டது. விலை விழுந்த ஆண்டுகளில் கிழங்கு போன பாதையில் மனிதர்களும் போனார்கள். காரவள்ளி வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள், அங்கிருந்து பேருந்து. பெரியவர்கள் பின்னால் பிள்ளைகளும் போனார்கள். இந்தப் பகுதி அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

மிளகுக்குப் போவது

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு என்று கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையிலேயே மிளகு உண்டு. சில்வர் ஓக் மரத்தில் கொடியை ஏற்றிவிட்டு, ஏணி சாத்திப் பறிப்பார்கள். சிறு வயதிலேயே பழகிவிடும் அந்தக் கைக்குத்தான் கேரளத்திலும் குடகிலும் கிராக்கி. கேரளத்தின் தாழ்நிலத் தோட்டங்களில் நவம்பர் வாக்கில் தொடங்கும் பறிப்பு, மலைச் சரிவுகளில் மார்ச் வரை ஓடும். குடகில் டிசம்பரிலிருந்து காப்பிப் பழம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மிளகு, ஏப்ரல் வரை.

பள்ளி நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் இல்லாத பிள்ளை, ஜூன் மாதம் திரும்பி வந்து உட்காரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். இரண்டு பருவம் இப்படிப் போனால் மூன்றாவது முறை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலுக்கே வராது. “எங்கம்மா பையன்?” என்று ஆசிரியர் கேட்டால், “மொளகுக்குப் போயிருக்கான் சார், பங்குனி கழிஞ்சு வந்துருவான்” என்று பதில் வரும். பொய் இல்லை. ஒளிக்கும் எண்ணமும் இல்லை. ஊரே அப்படித்தான் போகிறது.

போவதற்கு முன்பே ஒன்று நடந்திருக்கும். கையில் காசு வற்றிய மாதத்தில், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வருவார். ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, கிழங்குக்கு உரம் வாங்கிய கடன் என்று வீட்டுக்கு ஒரு தேவை இருக்கும். அதற்கு ஏற்ற தொகை அட்வான்ஸாகக் கைமாறும். எழுத்து ஒன்றும் கிடையாது; இருந்தாலும் அது மேஸ்திரியின் நோட்டில்தான். அந்தத் தொகையைப் புருஷனும் பெண்டாட்டியும் உழைத்துக் கழிக்க இத்தனை நாள் ஆகும். பிள்ளையும் சேர்ந்தால் நாள் குறையும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால், தரையில் உதிர்ந்ததைப் பொறுக்கும் எட்டு வயதுக் கையும் எடைத்தட்டில் ஏறிவிடும். மிரட்டி இழுத்துப்போக யாரும் வேண்டியதில்லை. கணக்கே இழுத்துப்போகும்.

நாடு முழுவதும் 5 முதல் 14 வயதுக்குட்பட்ட உழைக்கும் குழந்தைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 1 கோடியே 27 லட்சம். 2011-ல் சுமார் 1 கோடியே 1 லட்சம். குறைந்தது உண்மை. ஆனால் 2011 கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. மிளகுப் பருவத்தின் நடுமத்தி அது. மலையில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும் மாதத்தில், அந்த வீட்டுப் பிள்ளை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அந்த ஊரில் பதில் சொல்ல ஆள் இருக்காது.

1931: ஆணையம் கண்டது

அட்வான்ஸ் கொடுத்துப் பிள்ளையின் உழைப்பைப் பிடிப்பது கொல்லிமலையில் முளைத்த பழக்கம் இல்லை. இதைப் பிரிட்டிஷ் அரசே ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தது. 1929-ல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. தலைவர் ஜான் ஹென்றி விட்லி, பிரிட்டிஷ் மக்களவையின் முன்னாள் சபாநாயகர். உறுப்பினர்களில் வலங்கைமான்காரரான வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும், தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷியும் இருந்தார்கள். ஊர் ஊராகச் சென்று சாட்சியம் கேட்ட ஆணையம் 1931-ல் அறிக்கை கொடுத்தது.

தொழிற்சாலைச் சட்டம் எட்டாத சின்னப் பட்டறைகளில் ஐந்து வயதுக் குழந்தைகள்கூட, சரியான சாப்பாட்டு இடைவேளையோ வார விடுமுறையோ இல்லாமல், 10, 12 மணி நேரம் வேலை செய்வதையும், கூலி இரண்டணா அளவுக்கு இறங்கியிருப்பதையும் அது பதிவு செய்தது. இன்னொன்றையும் கண்டது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை ஆகிய ஊர்களில் ஒரே ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது: பெற்றோர் முன்பணம் வாங்குவது, அதற்கு ஈடாகப் பிள்ளையை வேலைக்கு விடுவது. வாய்மொழியாகவும் நடந்தது, எழுத்திலும் நடந்தது.

அதன் விளைவுதான் 1933-ல் வந்த குழந்தைகள் உழைப்பு அடகுச் சட்டம். ஒரு சில பக்கங்களில் அடங்கிவிடும் சட்டம். 15 வயது நிரம்பாத பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரை அபராதம். அடகு பிடித்தவருக்கும், அப்படிப்பட்ட பிள்ளையைத் தெரிந்தே வேலையில் வைத்தவருக்கும் 200 ரூபாய் வரை.

எது அடகு, எது சாதாரண வேலை என்று பிரிக்க அந்தச் சட்டம் ஒரு விலக்குக் கொடுத்தது. சட்டத்தின் மூளை அந்த விலக்குக்குள்தான் இருக்கிறது. பிள்ளைக்குக் கேடு வரக் கூடாது. நியாயமான கூலியைத் தவிர வேறு எந்தப் பலனுக்காகவும் ஒப்பந்தம் செய்திருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேற்படாத முன்னறிவிப்பில் வேலையை விட்டு நின்றுகொள்ள முடிய வேண்டும். மூன்றும் இருந்தால் அது அடகு இல்லை.

மூன்றாவது நிபந்தனையைத் திரும்பவும் படியுங்கள். வயதுச் சான்று வேண்டாம். பட்டறையில் எந்த எந்திரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டாம். ‘இந்தப் பிள்ளை அடுத்த வாரம் நின்றுகொள்ளலாமா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ‘முடியாதுங்க, கணக்கு முடியணும்’ என்று பதில் வந்தால் விஷயம் வெளிச்சமாகிவிடுகிறது. குழந்தையின் உழைப்பு எங்கே சுரண்டலாகிறது என்று அடையாளம் காண இவ்வளவு எளிய சோதனை அதற்குப் பின் வந்த எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஆனாலும் அது ஏட்டிலேயே கிடந்தது. காரணம் அதன் உள்ளேயே இருந்தது. பட்டறைக்காரன்மேல் புகார் சொல்லக்கூடிய ஆள் தகப்பன். அந்தத் தகப்பனையே சட்டம் குற்றவாளியாக்கி வைத்திருந்தது. ஒப்பந்தம் செல்லாது என்றதே தவிர, வாங்கிய பணம் என்ன ஆகும், அந்தப் பணம் இல்லாமல் அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. எந்த ஏழை போய்ப் புகார் கொடுப்பான்?

வயதும் பட்டியலும்

அடுத்து வந்த சட்டங்கள் முன்பணத்தை விட்டுவிட்டு வயதைப் பிடித்துக்கொண்டன. 1938-ன் குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் பீடி, தீப்பெட்டி, கம்பளம் முதலிய சில தொழில்களைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டறைகளில் 12 வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்றது. குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்கு விலக்கு. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் 14 வயதை எல்லையாக்கியது. 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பட்டியலை நீட்டியது. குடும்ப விலக்கை அப்படியே வைத்துக்கொண்டது.

அந்தக் காலத்தில் நாட்டின் கண் முழுக்கச் சிவகாசிமேல் இருந்தது. தீக்குச்சி அடுக்கும் சின்னக் கைகளின் படம் வராத பத்திரிகை இல்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலையை அரசு தேடிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அரசும் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வட்டியில் பிள்ளை படிக்க வேண்டும். குடும்பத்தின் வருமானத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ள முடிச்சை நீதிமன்றம் சரியாகவே தொட்டது.

கொல்லிமலைப் பிள்ளை அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. அடுத்தவர் தோட்டத்தில் மிளகு பொறுக்குவது 1986 சட்டத்தின் தடைப் பட்டியலில் இல்லை. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்ற முழுத் தடை 2016 திருத்தத்தில்தான் வந்தது. 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை அபாயத் தொழிலில் வைப்பதும் அப்போதுதான் குற்றமானது. தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அந்தத் திருத்தத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. பள்ளி நேரம் போக, விடுமுறையில், பிள்ளை தன் குடும்பத் தொழிலுக்கு உதவலாம். மலையில் சோளக்காடு என்ற ஊரில் ஒரு வீட்டின் சொந்த மிளகுக் கொடியில், ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சேர்ந்து பிள்ளை பறித்தால் அது இந்தக் கதவு வழியாகப் போகும். அதே பிள்ளை, அதே அப்பா, அதே மிளகு, ஆனால் வேறொருவர் எஸ்டேட், செவ்வாய்க்கிழமை காலை 11 மணி என்றால் போகாது. ‘அவுங்க அப்பா அம்மா கூடத்தானே இருக்கான்’ என்று தோட்டத்தில் சொல்லும் சமாதானம் சட்டத்தில் செல்லுபடியாகாது. எஸ்டேட் அந்தப் பிள்ளையின் குடும்பத் தொழில் இல்லை.

கடன் செத்தது

முன்பணம் என்ற முடிச்சைச் சட்டம் மறுபடி தொட்டது 1976-ல். 1975 அக்டோபர் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம், 1933 செய்த பிழையைத் திருத்தியது. கடன் வாங்கியவன் இங்கே குற்றவாளி இல்லை. கொத்தடிமை என்று ஆனவுடன் அவன் கடன் அழிந்துபோகிறது. திருப்பிக் கேட்பதே குற்றம். ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவர்மேல். இடம்விட்டு இடம் போகும் உரிமையோ, வேறு வேலை தேடும் உரிமையோ கடனால் பறிபோயிருந்தால் அது கொத்தடிமைதான். சங்கிலி, பூட்டு எதுவும் வேண்டாம். 1982-ல் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி ஒரு படி மேலே போனார்: குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றார்.

சட்டம் கூர்மையாக இருந்தும் பார்வை மங்கியே இருந்தது. உச்ச நீதிமன்றம் நியமித்த குழு ஒன்று 1995-ல் தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அரசு ஏடுகளில் ஏறியவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். கல் குவாரி, செங்கல் சூளை, அரிசி ஆலை, விசைத்தறி என்று நிலையாக ஓரிடத்தில் நடக்கும் தொழிலில் தேடினால் ஓரளவு கிடைப்பார்கள். பருவத்துக்கு ஒரு மாநிலம் மாறும் குடும்பத்தை எந்த மாவட்டத்துக் கணக்கில் எழுதுவது? கடன் நாமக்கல் மாவட்டத்தில், வேலை வேறொரு மாநிலத்தில். ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டலாம்.

முடிவில் தரும் பணம்

2000-களில் மேற்குத் தமிழகத்து நூற்பாலைகள் முன்பணத்தைத் தலைகீழாக்கின. ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமண உதவித் திட்டம்’ என்று துண்டறிக்கை வந்தது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், திண்டுக்கல், கோவை மாவட்ட ஆலைகளுக்குப் பதின்ம வயதுப் பெண்களைத் திரட்டினார்கள். ஆலை வளாகத்திலேயே விடுதி. ஊர்ப் பேச்சில் ‘கேம்ப் கூலி’. மூன்று ஆண்டு முடித்தால் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள்.

இங்கே யாரும் முன்கூட்டிப் பணம் கொடுக்கவில்லை. அதனால் கொத்தடிமை என்று பார்த்தவுடன் தோன்றாது. ஆனால் அந்த மொத்தப் பணம், மாதா மாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் பிடித்துவைத்ததுதான். இரண்டரை ஆண்டில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்ணுக்கு அது கிடைக்காமல் போகலாம் என்ற பயமே கதவைப் பூட்டியது. முன்னால் கொடுத்த பணம் எப்படிக் கட்டுமோ, பின்னால் தருவதாகச் சொன்ன பணமும் அப்படியே கட்டும். அந்தப் பெண்களில் பலர் 15 வயதைத் தாண்டியவர்கள். 1933 சட்டத்தின் எழுத்து அவர்களுக்குப் பொருந்தாது. அதன் கேள்வி பொருந்துகிறது: ஏழு நாளில் நின்றுகொண்டு, உழைத்த நாளுக்கு உரிய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா?

ஆசிரியர் முதலில் அறிவார்

மலையில் இதை முதலில் கண்டுபிடிக்கும் கருவி காவல் நிலையத்தில் இல்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. ஒரே ஊரைச் சேர்ந்த நாலைந்து பிள்ளைகள் ஒரே வாரத்தில் வராமல் போனால், அண்ணன் தம்பிகள் சேர்ந்து காணாமல் போனால், அங்கே மேஸ்திரி வந்து போயிருக்கிறார் என்று பொருள். காய்ச்சல் என்றால் ஒரு பிள்ளை வராது. அட்வான்ஸ் என்றால் ஒரு தெருவே வராது.

அடுத்தது கேட்கும் முறை. ‘உன் புள்ளைய ஏன் வேலைக்கு அனுப்புற?’ என்று தாயை விரட்டினால் அடுத்த முறை உண்மை வராது. யார் அழைத்துப் போனது, எவ்வளவு வாங்கியது, கூலி யார் கையில் வருகிறது, எந்தத் தோட்டம், நடுவில் திரும்பி வர விடுவார்களா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முழுப் படமும் கிடைத்துவிடும். 2016 திருத்தமும் இதைப் புரிந்துகொண்டது. பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. மறுபடி நடந்தால் 10,000 ரூபாய் வரை அபராதம். 1933-ன் 50 ரூபாய்ப் பாடத்தைச் சட்டம் கற்றுக்கொள்ள 83 ஆண்டு ஆனது.

தகவல் கிடைத்தபின் போக வேண்டிய வழிகள் உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்த மாநிலத்தில் இருந்து அழைத்தாலும் இலவசம். மீட்கப்பட்ட பிள்ளை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் வர வேண்டும். கடன் பின்னணி இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். கடன் சட்டப்படி செத்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சான்று. அது இல்லாமல் பிள்ளையை மட்டும் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினால், அடுத்த பருவத்துக்குள் மேஸ்திரி பழைய நோட்டோடு வாசலில் நிற்பார். 2016-ன் மறுவாழ்வுத் திட்டப்படி மீட்கப்பட்ட குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் முழுத் தொகையும் வழக்கில் தண்டனை உறுதியாவதோடு கட்டப்பட்டிருந்ததால், உடனடி உதவியோடு நின்றுபோனவர்கள் பலர்.

மீட்டபின் எங்கே உட்காரும்?

1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் இந்தக் கேள்விக்காகவே வந்தது. வேலையிலிருந்து மீண்ட பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் மறுநாள் ஓடிவிடும். அதற்காகச் சிறப்புப் பயிற்சி மையம்: சிறு வகுப்பு, மதிய உணவு, தொழிற்பயிற்சி, மாதம் 150 ரூபாய், 2017 முதல் 400 ரூபாய் உதவித்தொகை, பின்பு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பு. நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறிப் பகுதிகளோடு கொல்லிமலையிலும் இந்தத் திட்டம் கால்பதித்தது. 2021-ல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குள்ளேயே வர வேண்டும் என்பது நல்ல எண்ணம். ஆனால் தொழிலாளர் துறையும் கல்வித் துறையும் ஒரே பிள்ளையை ஒரே நேரத்தில் பார்த்த அந்தப் பழைய இணைப்பு தளர்ந்ததை மறுக்க முடியாது.

மலைக்கு மிகவும் ஒத்துவந்தது உண்டு உறைவிடப் பள்ளி. அப்பா அம்மா மிளகுக்குப் போனாலும் பிள்ளை இங்கே இருக்கலாம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும், செங்கரையின் ஏகலைவா பள்ளியும் அந்த வகையில் ஒரு பருவத்தையே காப்பாற்றிக் கொடுக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே மலைக் கிராமப் பள்ளிகளைச் சேர்த்ததும் இந்தக் கணக்கில் வரவேண்டியதுதான். விடுதியும் சோறும் பிள்ளையை நிறுத்திவைக்கும். முன்பணத்தை அவை நிறுத்தாது.

அதற்கு மேஸ்திரி வரும் மாதத்தைப் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஒரு குடும்பத்துக்கு அவசரத் தேவை சில ஆயிரங்கள். 2006-ல் நடைமுறைக்கு வந்த நூறு நாள் வேலையின் கூலி அந்த மாதங்களில் தாமதமில்லாமல் வந்தால், பழங்குடியினருக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கம் அந்த மாதத்தில் சிறு கடன் கொடுத்தால், மேஸ்திரியின் பணத்துக்கு அவசரம் இருக்காது. அப்போதும் மலை மக்கள் மிளகுக்குப் போவார்கள். நல்ல கூலிக்குத் தொழில் தெரிந்தவர்கள் போவதில் தவறில்லை. பெரியவர்கள் மட்டும் போவார்கள். கூலி பேசிப் போவார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திரும்பி வருவார்கள். 1933-ல் எழுதிவைத்த நிபந்தனையை நிறைவேற்றக் கொல்லிமலைக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சரியான மாதத்தில் கொஞ்சம் பணம் வேண்டும்.

*(அடுத்த பகுதியில்: 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் வெளிப்பட்ட பச்சிளங்குழந்தை விற்பனை வழக்கு, அதன் விசாரணை கொல்லிமலையின் பிறப்புப் பதிவேடுகள்வரை வந்தது எப்படி?)*